நன்ஞானமும் பிறர் கூறும் ஞானமும்

ஞானம் என்னும் ஒரு சொல் தமிழ் மக்களின் நாவில் எத்தனை வடிவங்களில் வழங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். கிறித்தவ அன்பர்கள் தம் குழந்தையைச் சபையிற் சேர்க்கும் சடங்கை ஞானஸ்நானம் என்பர். தக்கலை பீர்முகம்மது அப்பா இயற்றிய சூஃபி நூலுக்கு ஞானப்புகழ்ச்சி என்று பெயர். சைவர் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகள் வகுத்து ஞானத்தை முடிவில் வைப்பர். நம் பிள்ளைகள் பள்ளியிற் கற்கும் பௌதிகமும் இரசாயனமும் விஞ்ஞானம் ஆகும். மற்றப் பற்களெல்லாம் முளைத்த பின் காலந்தாழ்த்து வரும் கடைவாய்ப் பல்லுக்குங்கூட ஞானப்பல் என்று பெயரிட்டிருக்கிறோம்! வடமொழியின் 'ஞா' என்னும் வேரும், கிரேக்கரின் 'க்னோசிஸ்' என்னும் சொல்லும், அறிதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை என மொழிநூலார் கூறுவர். நம் பிராகிருத ஆகமங்களில் அது 'ணாண' என வரும்.

சொல் ஒன்றாயிருத்தலின் பொருளும் ஒன்றே என்று கொள்ளலாமோ? எல்லாச் சமயங்களும் ஒன்றையே கூறுகின்றன என்னும் பேச்சை நம் இளைஞர்கள் மேடைதோறும் கேட்கின்றனர். மற்றொருபுறம், பிறர் கூறுவன யாவும் அஞ்ஞானம் என்று ஏடு புரட்டாமலே தள்ளிவிடும் பழக்கமும் நம்மிடையே உண்டு. இவ்விரண்டும் அநேகாந்தம் பேசுவோர்க்கு உரிய நெறி அன்று. நம் முன்னோர் அவ்வாறு செய்யவும் இல்லை. நீலகேசி என்னும் நம் தருக்க நூலை எடுத்துக் கொள்வோம். புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொருவரிடமும் நீலகேசி செல்கிறாள். அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கூறச் செய்து, பின்னரே வாதிடுகிறாள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பித்துத் தந்தமையால் நாம் இன்று அதனைப் படிக்க முடிகிறது. அவ்வழி நின்றே ஞானம் பற்றிப் பிறர் கருத்துகளையும் நம் ஆச்சாரியர்களின் கருத்தையும் ஈண்டுக் காண்போம்.

முதற்கண் ஒற்றுமை. கற்றறிதல் வேறு, மெய்யுணர்தல் வேறு என்பதில் சான்றோர் பலர் ஒத்திருக்கின்றனர். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் பகுதியில் நாரதர் சனத்குமாரரை அணுகுகிறார். வேதங்கள், இதிகாச புராணம், கணிதம், தருக்கம், வானநூல் எனத் தாம் கற்றவற்றையெல்லாம் அடுக்கி, இத்தனையும் கற்றும் ஆன்மாவை அறியாமையால் துயரத்தைக் கடக்க முடியவில்லை என்கிறார். பௌத்தர்கள் பிரஞ்ஞையை மூவகையாக்கி, கேட்டதனால் வருவது, சிந்தித்ததனால் வருவது, பாவனையால் வருவது என்பர். இசுலாமியருள் பேரறிஞரான இமாம் கஸ்ஸாலி பாக்தாத் நகரின் நிஜாமியா கல்விக்கழகத்தில் தலைமை ஆசிரியராக விளங்கியவர். 1095ஆம் ஆண்டில், பாடஞ்சொல்ல நா எழாத நிலைக்கு உள்ளாகி, பதவியையும் புகழையும் துறந்து வெளியேறினார். பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது அவர் தந்த விளக்கம் நாம் மனத்திற் கொள்ளத்தக்கது. நோயுற்ற மருத்துவன் உடல்நலத்தின் இலக்கணத்தையும் அதற்குரிய மருந்தையும் நன்கறிவான். ஆயினும் நலம் அவனிடத்தில் இல்லை. சமய நூலறிவுக்கும் ஞானத்துக்கும் உள்ள இடைவெளி அத்தகையது என்பது அவர் கருத்து. கிறித்தவருள் தாமஸ் அக்குவினாஸ் என்னும் மாபெரும் சமயநூலாசிரியர் 1273ஆம் ஆண்டு டிசம்பரில் தம் எழுத்துப் பணியை நிறுத்திவிட்டார். தாம் கண்டதன்முன் எழுதியன யாவும் வைக்கோல் போலத் தோன்றுவதாகக் கூறினார் என்பர். சில திங்களில் அவர் மறைந்தார். அவர்தம் பெருநூல் முடிவுறாமலே நின்றது.

திருக்குறளின் அதிகார வைப்பிலும் இவ்வேறுபாடு உண்டு. கல்வி, கேள்வி, அறிவுடைமை ஆகியவை பொருட்பாலில் அரசியலின்கண் நிற்கின்றன. மெய்யுணர்தலோ அறத்துப்பாலில், துறவுக்கும் அவாவறுத்தலுக்கும் இடையே 36ஆம் அதிகாரமாக நிற்கிறது. மெய்யுணர்வு துறவின் பின்னும் ஆசை ஒழிவதற்கு முன்னும் வைக்கப்பட்டமை தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

இனி நம் ஆகமம் கூறுவதைப் பார்ப்போம். மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என ஞானம் ஐந்து என்பது தத்துவார்த்த சூத்திரம் முதல் அத்தியாயத்தின் பாடம். இதனை நம் பாலர்களும் ஒப்பிப்பர். ஆனால் அதே அத்தியாயத்தின் 31ஆம் சூத்திரத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மதியும் சுருதமும் அவதியும் விபரீதமாகவும் ஆகக்கூடும் என்று உமாஸ்வாமி ஆச்சாரியர் அங்கே கூறுகிறார். காரணத்தை அடுத்த சூத்திரத்தில் வைக்கிறார். உள்ளதையும் இல்லாததையும் பகுத்துணராமல் மனம் போனபடி கொள்வதால், அது பித்தனின் அறிவை ஒக்கும். இதற்குப் பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் தரும் விளக்கம் நுட்பமானது. பித்தன் தாயை மனைவி என்பான், மனைவியைத் தாய் என்பான். ஒரோவழி தாயைத் தாய் என்றே சொல்வதும் உண்டு. அப்போது அவன் சொல் சரி. எனினும் அது ஞானம் ஆகாது. ஏனெனில் அச்சொல் பகுத்தறிந்து வந்ததன்று.

இஃது ஆழ்ந்த கருத்து. ஒருவர் கூறும் செய்தி உண்மையாயிருப்பதனால் மட்டும் அவரிடம் நன்ஞானம் உண்டு என்று சொல்ல இயலாது. நற்காட்சி உடனிருந்தால்தான் அறிவு நன்ஞானம் என்னும் பெயரைப் பெறும். இக்கருத்தை இவ்வளவு கறாராகச் சொன்ன பிற சமய நூல்கள் மிகச் சிலவே என்பது நம் துணிபு.

அவதி ஞானத்தைப் பற்றியும் ஒரு சொல். புலன்களின் துணையின்றித் தொலைவில் உள்ள உருவப் பொருள்களை அறியும் ஆற்றல் அது. இக்காலத்தில் ஒருவர்க்கு அதில் அணுவளவு இருப்பதாகச் செய்தி பரவினும் அவர் வாயிலில் வாகனங்கள் வரிசையாக நிற்கும். ஆனால் சூத்திரம் என்ன கூறுகிறது? தேவர்க்கும் நரகர்க்கும் அவதி பிறவியிலேயே அமைவது. நரகத்தில் உழலும் உயிர்க்கும் அவ்வாற்றல் உண்டு! முன்பின் அறிந்து சொல்வோரையும், பிறந்த நாள் பார்த்தே வினையின் கணக்கைப் படிப்போரையும் தேடிச் செல்லும் நம் அன்பர்கள் இச்சூத்திரத்தை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நலம். வியத்தகு அறிவு இருப்பது விடுதலைக்கு அடையாளம் அன்று. அது தவறாகவும் திரியும். அவ்வாறு திரிந்த அவதிக்கு விபங்கம் என்று தனிப்பெயரே உண்டு.

காட்சி கிட்டியபோதும் அதனைச் சோதித்த இருவரின் வரலாறு நம்மிடையே வழங்குகிறது. கிரிநகரின் சந்திரக் குகையில் வாழ்ந்த தரசேனாச்சாரியர், தமக்குப் பின் சுருதம் அற்றுப்போகுமே என்று அஞ்சித் தென்திசை முனிவர் சங்கத்துக்கு ஓலை விடுத்தார். முனிவர் இருவர் வந்தனர். அவர்களைச் சோதிக்க வேண்டி, எழுத்து மிகுந்த மந்திரம் ஒன்றை ஒருவருக்கும், எழுத்துக் குறைந்த மந்திரம் ஒன்றை மற்றவர்க்கும் தந்து, இருநாள் உண்ணாநோன்புடன் செபிக்கச் செய்தார். தேவதைகள் தோன்றின. ஒன்று நீண்டு புறப்பட்ட பற்களுடனும் மற்றொன்று ஒரு கண் இன்றியும் காட்சி தந்தன.

வேறு எவராயினும் தெய்வம் நேரில் வந்ததே என்று விழுந்து வணங்கியிருப்பர். இவ்விருவரோ, தேவர்க்கு உறுப்புக் குறை இல்லையே, ஆதலின் மந்திரத்திற்றான் பிழை இருத்தல் வேண்டும் என்று எண்ணினர். மந்திர இலக்கணப்படி மிகுந்த எழுத்தை நீக்கினர், குறைந்த எழுத்தைச் சேர்த்தனர், மீண்டும் செபித்தனர். தேவதைகள் தம் இயல்பான வடிவில் தோன்றின. தாமாகத் திருத்திய செய்தியை ஒளியாமல் குருவிடம் விண்ணப்பித்தனர். அதன் பின்னரே தரசேனர் மகிழ்ந்து சித்தாந்தத்தைப் பாடஞ் சொல்லத் தொடங்கினார். அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும் ஆவர். புஷ்பதந்தர் 177 சூத்திரங்களை யாத்து ஜினபாலிதர் வழியாகப் பூதபலிக்கு அனுப்ப, பூதபலி ஷட்கண்டாகமத்தை நிறைவேற்றினார். அப்போது பூதபலி சென்றிருந்த நாடு திரமிள தேசம் என்று தவளா உரை கூறுகிறது. அது நம் தமிழகம் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

கண்ணாற் கண்ட காட்சியையும் இலக்கணங்கொண்டு அளந்தவர்களுக்கே ஆகமம் கையளிக்கப்பட்டது. நாம் இதனை விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய நூல், ஆன்மிகம் குறித்த மேல்நாட்டார் சிந்தனையை இன்றளவும் ஆள்கிறது. உள்ளுணர்வு அனுபவத்திற்கு அவர் நான்கு அடையாளங்கள் கூறினார். சொல்லுக்கு அடங்காமை ஒன்று. ஏதோ ஓர் உண்மையை அறிந்ததாகத் தோன்றுதல் ஒன்று. நெடுநேரம் நிலையாமை ஒன்று. தன் செயலற்று வேறோர் ஆற்றலுக்கு ஆட்பட்டதுபோல் இருத்தல் ஒன்று. பல சமயத்தாரின் அனுபவங்களைத் தொகுத்து நேர்மையாக அவர் கண்ட முடிவு இது. ஆனால் நம் கேவல ஞானத்தை இவ்வளவுகோலால் அளந்தால் பின்னிரண்டும் பொருந்தா. கேவலத்திற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை, தோன்றியபின் மறைவதில்லை. அது மேலிருந்து ஒருவர் அருளி வருவதும் அன்று. காதி கர்மங்களைத் தன் முயற்சியால் கெடுத்த உயிரின் இயல்பே அவ்வாறு வெளிப்படுகிறது. அனுபவம் என்பதும் ஞானம் என்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்கும்.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதன் விளைவை மேல்நாட்டு வரலாற்றிற் காணலாம். ஆல்டஸ் ஹக்ஸ்லி என்னும் எழுத்தாளர் மெஸ்கலின் என்ற மயக்கப் பொருளை உட்கொண்டு, தாம் கண்டதை 1954இல் நூலாக எழுதினார். 1962ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சிற்றாலயத்தில் சமயக் கல்வி மாணவர் 20 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு ஒருவகைக் காளானிலிருந்து பெறும் மருந்து தரப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் தெய்விக அனுபவம் எய்தியதாகக் கூறினர். அண்மைக் காலத்தில் இத்தகைய ஆய்வுகள் மீண்டும் நடைபெறுகின்றன. மனநோய்க்கு அவை மருந்தாகுமா என்பது மருத்துவர் ஆராய வேண்டியது. நாம் அதனுட் புகவில்லை. ஞானத்தின் வாயில் அது என்று கூறுவதைத்தான் நாம் ஏற்க இயலாது. எட்டு வினைகளுக்கும் உவமை கூறும் நம் ஆச்சாரியர்கள் ஞானாவரணீயத்திற்கு உருவத்தை மறைத்த திரைச்சீலையையும் மோகனீயத்திற்கு மதுவையும் உவமையாக்கினர். மதுவைக் கொண்டு திரையை விலக்குவது எங்ஙனம்?

ஞானத்தை மறைபொருளாக்கும் வழக்கம் பற்றி இனிக் கூறுவோம். பிறரோடு நாம் பெரிதும் வேறுபடுவது இவ்விடத்திலேயாம். கிறித்தவம் தோன்றிய தொடக்க நூற்றாண்டுகளில் க்னோசிஸ் உடையோம் என்று கூறிக்கொண்ட குழுக்கள் பல இருந்தன. மீட்பளிக்கும் அறிவு சிலர்க்கே உரியது, இரகசியமாகத் தரப்படுவது என்பது அவருட் பலர் கொள்கை. லியோன் நகரத்து ஐரேனியஸ் என்னும் ஆயர் ஏறத்தாழ 180ஆம் ஆண்டில் அவர்களை மறுத்து ஐந்து பகுதிகள் கொண்ட நூல் எழுதினார். அவர்தம் நூல்கள் பெரும்பாலும் அழிந்தன. 1945ஆம் ஆண்டு டிசம்பரில் எகிப்து நாட்டு நாக் ஹம்மாதி என்னும் ஊரருகே மண் தோண்டிய உழவர்கள் ஒரு சாடியைக் கண்டனர். அதனுள் காப்டிக் மொழியில் எழுதிய 13 சுவடிக் கட்டுகள் இருந்தன. அவற்றைப் படித்த பின்னரே, பகைவர் எழுத்தால் மட்டும் அறியப்பட்ட அக்குழுவினரின் சொந்தக் குரலை உலகம் விரிவாகக் கேட்டது. உடல் சிறை என்றும் அறியாமையே தளை என்றும் அவர் கூறுவன நம் செவிக்கு அந்நியமாகத் தோன்றா. எனினும் அந்த இரகசியம் என்னும் பூட்டு நம்மிடம் இல்லை.

இல்லை என்பது மட்டுமன்று; அப்பூட்டே பாவ காரணம் என்கிறது நம் சூத்திரம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஞானாவரணீய கர்மம் எவற்றால் வந்து சேர்கிறது என்ற பட்டியல் உண்டு. அறிவுடையோர்பால் உட்பகை கொள்ளுதல், தெரிந்ததைத் தெரியாது என்று மறைத்தல், பிறர் தமக்கு நிகராவரே என்ற பொறாமையாற் கற்பிக்காதிருத்தல், கற்பார்க்கு இடையூறு செய்தல் முதலியவை அவை. நிஹ்னவம், மாத்சர்யம் என அவற்றுக்குப் பெயரும் தந்தனர். அறிவைப் பூட்டி வைப்பவன் தன் அறிவையே மூடிக்கொள்கிறான் என்பது இதன் கருத்து. ஆகாரம், ஒளடதம், அபயம் ஆகியவற்றோடு சாஸ்திரத்தையும் தானப் பொருளாக்கியது நம் சமயம். கட்டணம் பெற்று இரகசிய தீட்சை தரும் இக்கால நிலையங்களையும், அறிவைப் படிப்படியாக விலைக்கு விற்கும் ஆன்மிக வாணிகத்தையும் இவ்வளவுகோலால் நம் குடும்பத்தார் அளந்து பார்க்கலாம்.

நம்மவர் செயல் எப்போதும் இவ்வளவுகோலுக்கு ஒத்ததா என்றும் கேட்டல் வேண்டும். தவளா, ஜயதவளா, மகாதவளா ஏடுகள் மூடபித்ரி சித்தாந்த பசதியில் பழைய கன்னட எழுத்தில் போற்றிக் காக்கப்பட்டன. அவ்வாறு காத்தமையால்தான் அவை நமக்குக் கிட்டின, அக்கடனை மறத்தலாகாது. ஆயினும் நெடுங்காலம் யாத்திரிகர்க்கு அவை தரிசனப் பொருளாகவே இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் முயற்சி தொடங்கியது. அறிஞர் ஹீராலால் ஜைன் பதிப்பில் தவளாவின் முதல் தொகுதி 1939இல் அச்சேறியது. பின்னர் 16 தொகுதிகளாக நிறைவுற்றது. சித்தாந்த நூல்களை இல்லறத்தார் படிக்கலாமோ என்ற ஐயம் அன்று எழாமலில்லை. சுருதம் அற்றுப்போகுமே என்று அஞ்சி ஓலை விடுத்த தரசேனரின் நெஞ்சம் எதனை விரும்பியிருக்கும் என்பதில் நமக்கு ஐயம் இல்லை.

ஏடு கிடைத்துவிட்டது, அச்சும் ஆயிற்று. இன்று கைப்பேசியில் ஒரு விரல் தொட்டால் நூல்கள் விரிகின்றன. செயற்கை நுண்ணறிவு என்னும் கருவியிடம் குணத்தானம் பதினான்கையும் கேட்டால் நொடியில் தமிழிலேயே விடை சொல்கிறது. அப்படியாயின் ஞானம் அக்கருவியிடம் உள்ளதா என்று நம் வீட்டுப் பிள்ளைகள் வினவுகின்றனர். வினா நல்ல வினா. குந்தகுந்தாச்சாரியர் சமயசாரத்தின் இறுதிப் பகுதியில் இதற்கு விடை வைத்துள்ளார். சாஸ்திரம் ஞானம் அன்று, ஏனெனில் சாஸ்திரத்துக்கு எதுவும் தெரியாது; ஆதலின் ஞானம் வேறு, சாஸ்திரம் வேறு என்பது அவர் கூறும் கருத்து. ஏட்டுக்கு உரைத்தது இக்கருவிக்கும் பொருந்தும். எழுத்தும் ஒலியும் புற்கலம். அறிதலோ உயிரின் உபயோகம். எழுத்துவடிவாய் நிற்பது திரவிய சுருதம். அதனைக் கொண்டு உயிரினிடத்து எழும் அறிவு பாவ சுருதம். கருவி எத்துணைப் பெரிதாயினும் அது முதலாவதன் பெருக்கமே. அதன் விடையில் எழுத்து மிகுதலும் குறைதலும் உண்டு என்பதைப் பழகியவர் அறிவர். புஷ்பதந்தரும் பூதபலியும் செய்த சோதனை நமக்கு இங்கேயும் வேண்டும்.

அதனால் சாஸ்திரத்தை விட்டுவிடலாம் என்று பொருள் கொள்வதும் பிழை. இப்பஞ்சம காலத்தில், இப்பரத கண்டத்தில் கேவலம் இல்லை. ஜம்பூஸ்வாமியோடு அது நின்றது. சுருதகேவலியும் பத்திரபாகுவோடு முடிந்தனர். மனப்பரியயம் இருத்தி பெற்ற முனிவர்க்கே உரியது. ஆக நம் கையில் உள்ளவை மதியும் சுருதமும் மட்டுமே. மதி எறும்புக்கும் உண்டு. எஞ்சியது சுருதம் என்னும் ஒரே இழை. அதுவும் குரு சொல்ல மாணவன் கேட்டு, தந்தை படிக்க மகள் கேட்டு வந்த இழை.

நம் இல்லங்களில் ஸ்ரீபுராணத்தின் மணிப்பிரவாள நடையைத் தடையின்றிப் படித்துப் பொருள் கூறும் முதியோர் எத்தனை பேர் இன்று உள்ளனர் என்பதை அவரவர் ஊரில் எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலவழியிற் பயின்ற பிள்ளைகள் தமிழெழுத்தையே தயங்கித் தயங்கிப் படிக்கின்றனர். கிரந்த எழுத்து அவர்க்குப் புதிர். அவர்களைக் கடிந்து பயனில்லை. சுருத பஞ்சமியன்று நூல்களைப் பட்டில் வைத்துப் பூசிக்கும் நாம், பூசை முடிந்தபின் அவற்றுள் ஒரு பக்கத்தையேனும் விரித்துப் பொருள் சொல்லலாம். தாத்தா படிக்க, பேரன் ஐயம் கேட்க, விடை தெரியாதவிடத்துக் கற்றாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று தாத்தா கூறினால் அதுவும் ஸ்வாத்யாயமே. வினவுதல் அதன் ஐந்து அங்கங்களுள் இரண்டாவது. அவற்றை வாசனை, பிருச்சனை, அநுப்பிரேக்ஷை, ஆம்நாயம், தர்மோபதேசம் என்று சூத்திரம் வரிசைப்படுத்துகிறது. படித்தலுக்கு அடுத்தபடியே கேள்வியை வைத்தனர்; மனப்பாடம் நான்காவதாகவே வருகிறது.

நன்ஞானத்தின் எட்டு அங்கங்களையும், அவற்றுள் குருவின் பெயரை மறையாமை என்னும் அநிஹ்னவத்தையும் அடுத்த இதழில் விரிவாகக் காண்போம்.